நோவா வேண்டாம், யோனா வேண்டவே வேண்டாம்

படகுக்குப் பெயர் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இரண்டு திறமை போதும்: எழுத்து உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும், எழுதுகிறவன் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். முதலாவதில் காசிமேட்டில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை.

இரண்டாவதற்கு என் வளர்ப்பு ஒத்துழைக்கவில்லை. சாமியாராகப் போகிறேன் என்று சில வருடம் குருமடத்தில் இருந்தவன் நான். அங்கே ஜெபித்ததைவிட நூலகத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். யூத ரபிகளின் விளக்கங்கள், தமிழில் வந்த குர்ஆன், திருச்சபைத் தந்தையர் என்று எது கையில் கிடைத்தாலும் படித்தேன். கடைசியில் மேலதிபர், "உனக்குக் கேள்வி அதிகம், அழைத்தல் குறைவு" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். இன்றைக்கும் துறைமுகத்தில் என்னை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் ஆராய்ந்ததில்லை.

கடை போர்டோ, கல்யாண பேனரோ, கல்லறைக் கல்லோ, எதன்மேல் பெயர் எழுதிப் பிழைக்கிறவராக இருந்தாலும் கேளுங்கள், சகாக்களே. வாடிக்கையாளர், "நீங்களே ஒரு நல்ல பேரா சொல்லுங்க" என்றால், பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள். நான் ஓடவில்லை.

பெயரில்லாத படகு

மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் சும்மா இருக்கும், எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. படகெல்லாம் கரையேறிப் பழுதுபார்ப்புக்கு நிற்கும்போதுதான் எழுத்து வேலை வரும். அந்த வருடம் வரிசையின் கடைசியில் ஒரு புது விசைப்படகு நின்றது. அதற்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒருவர் ராயபுரத்து மீனவர் அருளப்பன், எங்கள் கோயில்காரர். இன்னொருவர் வண்ணாரப்பேட்டையில் வலையும் கயிறும் விற்கும் காதர் பாய். அருளப்பன் இளவட்டமாக வலை வாங்கப் போன இடத்தில் சிநேகமானவர்கள். ஒருவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கும் மற்றவர் வீட்டு நோன்புக் கஞ்சியும் தெருத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த சிநேகம்.

எல்லாம் முடிந்து பெயர் ஒன்றுதான் பாக்கி. அருளப்பன் மனதில் 'சமுத்திர மாதா'. பாய் மனதில் 'மதீனா'. முதல் வாரம் இருவரும் "உன் இஷ்டம்" என்றார்கள். அடுத்த வாரம் "உன் இஷ்டந்தான், ஆனா" என்றார்கள். தடை முடியும் அன்று எல்லாப் படகும் ஒன்றாகக் கடலில் இறங்கும். பெயரில்லாத படகு இறங்காது. ஒத்துவராவிட்டால் கூட்டைப் பிரித்துக்கொள்வது என்ற பேச்சு இரண்டு வீட்டு அடுப்படியிலும் கிளம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா தீர்க்கதரிசிங்க எத்தனை பேர் இருக்காங்க! யூதருக்கும் அவங்கதான். அதுல ஒரு பேர வச்சா மூணு மதமும் உங்க போட்டுல ஏறும்" என்றேன். யூதர் யாரும் வந்து ஏறப்போவதில்லை என்று பாய் சொன்னார். வராதவர்களுக்காக நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அருளப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரதர், பேர மட்டும் சொல்லு. கூடவே ஞானோபதேசம் எடுத்தே, பிரஷ்ஷ கடல்ல கடாசிடுவேன்."

நோவா

படகு என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறவர். பாய் முகம் மலர்ந்தது. "நூஹ் நபி, அலைஹிஸ்ஸலாம்! போட்டு கட்றதுல அவர மிஞ்ச ஆள் ஏது?" அருளப்பனும் தலையாட்டினார். பார்க்க வந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லாவும் சரி என்றார். வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

படகை ஓட்டப்போகும் டிரைவர் ஏழுமலை, திருவொற்றியூர்க்காரர், "யாரு பிரதர் அவரு?" என்று கேட்டார். யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளத்தைச் சொன்னேன். வெள்ளம் வடிந்தபின் நோவா திராட்சைத் தோட்டம் போட்டு, குடித்துவிட்டு, கூடாரத்தில் துணியில்லாமல் கிடந்ததையும் சொன்னேன். பாய் காதைப் பொத்திக்கொண்டார். நபிமார்கள் பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள், அவர்களைப் பற்றி இப்படிப் பேசுவதே குற்றம் என்றார். அவர் மனம் ஆறட்டுமே என்று, குர்ஆனில் நூஹின் கதை வேறு மாதிரி, அதில் அவருடைய ஒரு மகன் கப்பலில் ஏற மறுத்து மூழ்கிப் போகிறான் என்று எடுத்துச் சொன்னேன். இப்போது அருளப்பன் பதறினார். எங்கள் பைபிளில் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் பிழைக்கிறார்கள். யூதர் தரப்பையும் விட்டுவைக்க மனம் வராமல், 'தன் காலத்தவருள் நோவா நீதிமான்' என்ற வரி பாராட்டா, இல்லை அந்தக் காலத்துக்கு அவர் பரவாயில்லை என்று அர்த்தமா என்பதில் ரபிகளுக்குள்ளேயே தகராறு என்றேன்.

ஸ்டெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "குடிச்சிட்டுக் கெடக்குற டிரைவரும் வாணாம், புள்ளைய தண்ணில வுட்ட ஓனரும் வாணாம். வேற பாரு."

யோனா

இதில் எனக்குப் பூரண நம்பிக்கை இருந்தது. மூன்று தரப்பும் ஒரு குறையும் சொல்லாத மனிதர். மீன் வயிற்றிலிருந்து யோனா, அவர்களுக்கு யூனுஸ் நபி, வேண்டிக் கேட்ட துஆவை முஸ்லிம்கள் இன்றும் கஷ்ட காலத்தில் ஓதுகிறார்கள். யூதர்கள் தங்கள் பாவப் பரிகார நாளில் அந்தப் புத்தகம் முழுவதையும் வாசிக்கிறார்கள். இயேசுவே தன் உயிர்ப்புக்கு அடையாளமாக அவரைத்தான் காட்டினார். பாய்க்குத் திருப்தி, அருளப்பனுக்கும் திருப்தி. படகின் மூக்கை எங்கள் ஆட்கள் அணியம் என்பார்கள். அணியத்தில் 'யோ' வரை எழுதியும் விட்டேன்.

ஏழுமலை டீ வாங்கிக்கொண்டு வந்தார். "இவரு யாரு பிரதர்?" சொன்னேன். கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் எதிர்த்திசையில் கப்பல் ஏறினார், புயல் வந்தது, யாரால் வந்தது என்று சீட்டுப் போட்டதில் அவர் பெயர் விழுந்தது, மாலுமிகள் அவரைத் தூக்கிக் கடலில் போட்டார்கள், மீன் விழுங்கியது என்று ரசித்து ரசித்துச் சொன்னேன். கேட்கிற முகத்தை நான் கவனித்திருக்க வேண்டும். ஏழுமலை டீயை என் கையில் கொடுத்துவிட்டு, தின்னர் நனைத்த துணியால் 'யோ'வைத் தானே துடைக்க ஆரம்பித்தார்.

"நாம மீன் புடிக்கப் போறோமா, இல்ல மீனு நம்மளப் புடிக்கட்டும்னு போறோமா?"

நடுவில் ஒரு மோசே

இது வேறு படகு. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. அந்த வாரம் நெட்டுக்குப்பத்திலிருந்து ஒருவர் தன் ஃபைபர் படகுக்குப் பெயர் கேட்டு வந்தார். அருளப்பன் படகில் பட்ட அடியெல்லாம் மறந்து, மோசே என்றேன். குர்ஆனில் அதிகம் பேர் சொல்லப்படுகிறவர் மூஸா நபிதான். யூதருக்கோ அவர் 'நம் ஆசான்'. அப்பேர்ப்பட்ட ஆசானை, எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையைச் சொல்லும் பாஸ்கா விருந்து ஜெபங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும், மகிமையெல்லாம் கடவுளுக்கே போகட்டும் என்பதற்காக என்று ஒரு விளக்கம் உண்டு. இவ்வளவையும் சொல்லி முடித்து, "கடலையே ரெண்டா பொளந்தவர்" என்று பெருமையாக முத்தாய்ப்பு வைத்தேன்.

அவர் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்தார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேர்ந்து சேர்ந்து அங்கே படகுக்கு ஓடத் தண்ணீர் போதாமல் போய்ப் பல காலம் ஆகிறது.

"கீற தண்ணியே முட்டி வரைக்கும்தான் கீது நைனா. இதுல அவர் வேற வந்து பொளக்கணுமா?"

மரியம்

மூன்றாவது முயற்சியை இரண்டு வீட்டுப் பெண்களும் கையில் எடுத்தார்கள். ஆண்களால் ஆகாது என்று தெரிந்துபோயிருந்தது. ஸ்டெல்லாவும் பாயின் மனைவி மும்தாஜும் படகின் நிழலில் உட்கார்ந்து, ஒரு தட்டு பஜ்ஜி முடிவதற்குள் 'மரியம்' என்று முடித்துவிட்டார்கள். "அவங்க பேர்ல எங்க குர்ஆன்ல ஒரு சூராவே கீதுக்கா" என்றார் மும்தாஜ். ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கியது. நம் பைபிளில் மரியாள் பெயரில் தனிப் புத்தகம் எதுவும் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை. அன்றைய என் அடக்கம் அவ்வளவோடு தீர்ந்துபோயிற்று.

அந்த சூராவில், அதாவது அத்தியாயத்தில், மரியம் தன்னந்தனியாக ஒரு பேரீச்ச மரத்தடியில் பிள்ளை பெறுகிறார் என்றேன். "தனியாவா? ஜோசப்பு எங்க போனாரு?" என்றார் ஸ்டெல்லா. குர்ஆனில் ஜோசப் இல்லை என்றேன். "அந்த மன்ஷன் கர்ப்பிணிப் பொம்பளைய கய்தை மேல ஒக்கார வச்சி அம்மாந்தூரம் இட்டாந்தாரு. அவர எட்துட்டாங்களா?" என்று அவர் கொதித்தார். கழுதை நம் சுவிசேஷத்திலும் இல்லை என்று நான் சொன்னது நியாயம். அதைச் சொன்ன நேரம் நியாயமில்லை.

சத்தம் கேட்டு ஆண்கள் வந்தார்கள். மரியம் இருக்கட்டும், கீழே சின்ன எழுத்தில் 'ஆண்டவரின் தாய்' என்று வந்தால் போதும் என்றார் அருளப்பன். பாய் மெதுவாக, "மரியம் வரைக்கும் வரேன் அருளு. அதுக்கு மேல ஒரு எய்த்து வந்தா என்னால முடியாது. ஈசா நபி எங்களுக்கு நபி" என்றார். "அப்ப எங்க சாமி உனக்கு வெறும் நபியா?" என்றார் அருளப்பன். பாய் முகம் சுருங்கியது. "வெறும் நபியா? நபின்னா உனக்கு வெறுமா, அருளு?"

இதற்கு என்னிடம் விளக்கம் இருந்தது. நாம் 'நபிதான்' என்று கேட்கிற இடத்தில் அவர்கள் 'நபியாயிற்றே' என்று சொல்கிறார்கள். நமக்குக் குறைவாகப் படுகிற அதே சொல்தான் அவர்கள் ஒரு மனிதருக்குக் கொடுக்கிற உச்சபட்ச மரியாதை. இதை எடுத்துச் சொன்னால் ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டு, யூதர் தரப்பிலிருந்து தொடங்கிவிட்டேன். அவர்கள் இயேசுவை மெசியா என்றும் ஏற்கவில்லை, நபி என்றும் ஏற்கவில்லை என்றேன். "அவங்க ஊட்டுப் புள்ளைய அவங்களே ஒத்துக்கலியா?" என்று அருளப்பன் என்மேல் பாய்ந்தார். சொல்ல வந்த நபி விளக்கம் பாதியிலேயே நின்றுபோனது. பாய் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"என் பங்குக்கு வேற ஆள் பாத்து வுட்டுட்றேன். நீ உன் இஷ்டத்துக்கு எய்திக்க."

ஆபிரகாம்

பக்ரீத் நெருங்கியது. பாய் ஒரு வெள்ளைச் செம்மறிக்கடா வாங்கியிருந்தார். வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு மாடிப்படியில் அது நின்றால் மனிதர் ஏற முடியாது. பங்கு கைமாறும்வரை படகு தன்னுடையதும்தானே என்று கடாவைக் கொண்டுவந்து படகடியில் கட்டிவிட்டார். அருளப்பனும் பாயும் பேசிக்கொள்வதில்லை. பேசவேண்டியது என் வழியாகத்தான் போனது. "பிரதர், ஆட்டுக்குத் தண்ணி வச்சாச்சானு அந்த ஆளக் கேளு." "பிரதர், காலைல நாந்தான் வச்சேன்னு இந்த ஆளாண்ட சொல்லு." இருவருக்கும் இடையில் அப்போது கையெட்டும் தூரம்தான் இருந்தது.

கூட்டு உடைந்தால் துறைமுகம் முழுக்க என் பெயரைத்தான் சொல்லும். கடைசி முயற்சியாக, மூன்று மதத்துக்கும் மூதாதை, அணியத்தின் ஒரு பக்கம் 'ஆபிரகாம்', மறு பக்கம் 'இப்ராஹீம்' என்றேன். இருவரும் வானத்தைப் பார்த்தபடி சம்மதித்தார்கள். ஒரு பக்கம் எழுதி முடித்தேன். பெயிண்ட் காயவில்லை. ஏழுமலை வந்தார். "இவரு யாரு பிரதர்?"

மகனைப் பலி கொடுக்கக் கூட்டிப்போனவர், கடைசி நொடியில் கடவுள் தடுத்து ஓர் ஆட்டைக் கொடுத்தார் என்று இரண்டே வரியில் சொன்னேன். "எந்த மகன்?" என்றார் ஏழுமலை. "ஈசாக்கு" என்றார் அருளப்பன். "இஸ்மாயில்" என்றார் பாய். பல வாரத்துக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது அப்போதுதான். குர்ஆன் மகனின் பெயரைச் சொல்லவில்லை, இன்று பெரும்பாலோர் இஸ்மாயில் என்றாலும் அந்தக் காலத்து விரிவுரையாளர் சிலர் ஈசாக்கு என்றதுண்டு என்று பாயிடம் சொன்னேன், சமாதானம் செய்வதாக எண்ணிக்கொண்டு. யூதக் கணக்கு ஒன்றில் ஈசாக்குக்கு அப்போது முப்பத்தேழு வயது, சின்னப் பையனே இல்லை என்று அருளப்பனிடம் சொன்னேன், சமநிலை வேண்டும் என்பதற்காக. இருவரும் என்னை விட்டுவிட்டு நேரடியாகவே கத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அதற்குள் கடா என் பிரஷ்ஷைத் தின்றுவிட்டு, முதுகு அரிப்புக்கு அணியத்தில் நன்றாக உரசியும் முடித்திருந்தது. படகில் 'ம்' மட்டும் மிச்சம். மற்ற எழுத்தெல்லாம் தலைகீழாகவும் இடவலமாகவும் ஆட்டின் விலாவில் பச்சையாக மின்னின. குர்பானி ஆட்டைப் பார்க்க வந்த மும்தாஜ் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பெயிண்ட் துன்ன ஆட்ட நான் ஆக்கிப் போடமாட்டேன். போய் வேற ஆடு இட்டா."

பாதி வெள்ளை

வேதத்தில் மகனுக்குப் பதில் ஆடு. காசிமேட்டில் ஆட்டுக்குப் பதில் ஆடு. பக்ரீத் வேறொரு ஆட்டோடு நல்லபடியாக முடிந்தது. பச்சை ஆடு படகடியிலேயே நின்று வாழைப்பழத்தோல் தின்று கொழுத்தது. அருளப்பன் வீட்டிலிருந்தும் பாய் வீட்டிலிருந்தும் அதற்குத் தனித்தனியாகச் சாப்பாடு வந்தது.

தடை முடிவதற்கு முதல் நாள். துறைமுகம் திருவிழா மாதிரி இருந்தது. ஐஸ் வண்டி ஒரு பக்கம், டீசல் வண்டி ஒரு பக்கம், எல்லா அணியத்திலும் பூமாலை. எங்கள் படகு மட்டும் 'ம்' என்று நின்றது. படகின் இந்தப் பக்கம் அருளப்பன் போனில் ஐஸ்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் காதர் பாய், தன் பங்கை எடுத்துக்கொள்ள வருகிற ஆளுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நான், புது பிரஷ்ஷோடு. இரண்டு பக்கமும் ஒரே வாக்கியம் கேட்டது: "ஆடு கட்ன போட்டுன்னு கேளு, யாரும் சொல்லுவாங்கோ."

இருவரும் போனை இறக்கினார்கள். ஆட்டின் தலைக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்கு பாய் வயி சொல்றே?"

"உன் புது கூட்டாளிக்கு."

"நல்லவனா?"

"தெர்ல. போட்டப் பத்தி ஒண்ணுமே கேக்கல. ஆடு இன்னா கலருன்னு மட்டும் கேட்டான்."

"நீ இன்னா சொன்னே?"

"பாதி வெள்ள, பாதி ஆபிரகாம்."

அருளப்பன் சிரிக்க ஆரம்பித்தார். பாயும் சிரித்தார். நிறுத்த முடியாமல் இருவரும் ஆட்டின் மேலேயே கைபோட்டுத் தாங்கிக்கொண்டார்கள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, வந்துகொண்டிருந்த ஆளிடம், "திரும்பிக்க தோஸ்து, ஆடு விக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தார். "மார்க்கெட்டே பேர் வச்சிருச்சு. நாம இன்னாத்துக்கு மண்டைய ஒடைச்சிக்கினோம்?" என்றார் அருளப்பன்.

'ஆட்டுக்கடா' என்று எழுதினேன். பக்கத்தில் படம் வேண்டும் என்றார் ஸ்டெல்லா. "தலை வாணாம், கண்ணு வாணாம். கொம்பு மட்டும் போடு" என்றார், உயிருள்ளதன் உருவம் வரைவதை ஏற்காத பாய். இரண்டு கொம்பை வளைத்துப் போட்டேன். தங்கள் முருகனுக்கும் ஆட்டுக்கடா வாகனம் உண்டு என்று ஏழுமலை ஒரு கும்பிடு போட்டார். வழக்கமான கேள்வியை நல்லவேளையாக மறந்துவிட்டார்.

கேட்டிருந்தால்? அந்த ஆடு உலகைப் படைத்த வாரத்திலேயே, முதல் ஓய்வுநாளுக்கு முந்தின அந்தியில் படைக்கப்பட்டுக் காத்திருந்தது என்பார்கள் ரபிகள். புத்தாண்டில் அவர்கள் ஊதுகிற கொம்பே அதன் நினைவுதான். ஆக, வராத மூன்றாவது ஆளுக்கும் அணியத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆதாமின் மகன் ஹாபில் முன்பு பலியிட்டு, அதன்பின் சொர்க்கத்தில் மேய்ந்திருந்த ஆடே திரும்பி வந்தது என்று முஸ்லிம்களிடம் ஒரு மரபு உண்டு. நமக்கோ, நம் திருச்சபைத் தந்தையர் சொன்னபடி, மகனுக்குப் பதிலாகச் செத்த அந்த ஆடு இயேசுவேதான். இதில் கடைசி வரியைச் சொன்னால் அருளப்பன் பூரித்துப்போவார், பாய் தின்னரைத் தேடுவார். மூன்றும் தொண்டையில் வந்து நின்றன. வாய்கூடத் திறந்துவிட்டது. அருளப்பன் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னா பிரதர், இந்த ஆட்டப் பத்தி உன் புக்குல ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணுமே இல்லை" என்று, கேட்டபிறகும் படித்ததை வாழ்க்கையில் முதல்முறையாக மறைத்தேன். மறுநாள் இறங்கிய படகுகளில் 'ஆட்டுக்கடா'வும் ஒன்று. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் ஆடு கத்தியது. படகிலிருந்து பாயும் அருளப்பனும் ஒன்றாகக் கையைக் காட்டிக் குரல் கொடுத்தார்கள், எனக்கா ஆட்டுக்கா என்று தெரியவில்லை.

"கம்னு நில்லு! சாயந்தரம் வந்துருவோம்!"

இத்தனை பெயர் எழுதி அழித்ததில் நான் கற்றது இவ்வளவுதான்: மூன்று மதங்களும் சண்டையில்லாமல் ஒன்றுசேர்கிற இடத்தில் ஓர் ஆடு நிற்கும், அதன் பக்கத்தில் நிற்கிற பெயிண்டர் அதைவிடக் குறைவாகப் பேச வேண்டும்.